எண்பத்தாறு கண்டென்சரும் ஒரு பெரிய வெள்ளியும்

இந்தப் பாவத்தை இதுவரை மூன்று குருக்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். முதலாமவர் சிரித்துவிட்டார். இரண்டாமவர் சிரிப்பை அடக்கப்போய் இருமினார். மூன்றாமவருக்குக் காது கேளாது. அவரிடம் எதைச் சொன்னாலும் மன்னிப்பார், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மூன்று முறை சொல்லியும் மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியாததால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சம்பவம் நடந்தபோது எனக்கு அறுபத்தொன்பது வயது. அனுபவம் போதாத வயது. (இப்போது எழுபத்துநான்கு. இப்போதும் போதாதுதான், ஆனால் போதாது என்று தெரிகிறது.)

நான் முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணுகிறவன். கோவிலில் எத்தனை மின்விசிறி (எட்டு, சுற்றுவது ஆறு), பிரசங்கம் எத்தனை நிமிடம், என் மனைவி ரோசலின் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "உங்களுக்கு விசரே" என்று என் புத்தியைச் சந்தேகிக்கிறாள், எல்லாம் என்னிடம் இருக்கும். இது பெருமைக்காகச் செய்வது இல்லை. எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்று எனக்குப் பயம்.

முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் எங்கள் கோவிலில் ஒரு மின்சார ஓகன் வாத்தியம் இருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் யாரோ தங்கள் மண்டபத்தில் இடத்தை அடைக்கிறது என்று கழித்துவிட, அது கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தது. வரும்போதே அதற்கு நாற்பது வயது இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்குப் பதின்மூன்று கட்டைகள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் காலால் மிதிக்கும் ஒரு மிதி. இடது பக்கம் எட்டுச் சிறிய பொத்தான்கள். அவற்றின் பின்னால் ஒரு தாளப் பெட்டி. பொத்தானை அமர்த்தினால் வால்ஸ், ரும்பா, சா-சா-சா என்று பெட்டி தானாகவே தாளம் போடுமாம். போடுமாம் என்று சொல்வது ஏனென்றால், வந்த நாளில் இருந்தே அந்தப் பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது. அப்போதிருந்த பாதர் பொத்தான்களுக்கு மேலால் மண்ணிற ரேப், அதாவது ஒட்டுநாடா, ஒட்டி, அவற்றை உலகத்தின் கண்ணில் இருந்து மறைத்துவிட்டார்.

மிச்சத்தை ரோசலின் வாசித்தாள். பதினொரு வருடம் வாசித்தாள். போகப்போக ஓகன் உறுமத் தொடங்கியது. ஏழு கட்டைகள் ஊமையாகின. அந்த ஏழையும் தொடாமல் வாசிக்க அவள் பழகிக்கொண்டாள். ஆனால் உறுமலை என்ன செய்வது? திருப்பலியின் நடுவில் யாரோ தண்ணீர் மோட்டரைப் போட்டதுபோல இருக்கும்.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து கோவில் சபை கூடியபோது, சபைத் தலைவர் எழும்பினார். அவரை ஊரில் சம்மாட்டியார் என்போம். நான்கு படகும் கரைவலையும் வைத்திருப்பவர்.

"மகன் பிரான்ஸில இருந்து கீபோட் ஒண்டு அனுப்பியிருக்கிறான். புத்தம் புதுசு. உயிர்ப்புத் திருவிழாவோட அதை வைப்பம். உந்தப் பழசை என்ர வலைக் கொட்டிலுக்கு ஏத்திவிடுறன். கீழ சாமான் வைக்கலாம், மேல வலை காயப்போடலாம்."

ரோசலின் பாட்டுக் கொப்பியை மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கீபோட்டை வாசிக்கச் சம்மாட்டியாரின் மருமகள் ஏற்கனவே பழகிக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓகன் போனால் ரோசலினும் போகவேண்டியதுதான்.

நான் எழும்பினேன். (யாரும் என்னை எழும்பச் சொல்லவில்லை.) "இது கண்டென்சர் பிழை. மாத்தினாச் சரி. நான் மாத்துறன்," என்றேன்.

பாடப்புத்தகத்தில் அதைக் கொள்ளளவி என்று போட்டிருக்கும்; கடையில் அப்படிக் கேட்டால் ஒன்றும் தரமாட்டார்கள். சுண்டுவிரல் நுனியளவு தகரக் குழாய். உள்ளே இருக்கும் பசை வருடக்கணக்கில் காய்ந்துபோக, மின்சாரம் சீராக வராமல் உறுமல் வரும். நான் பாடசாலையில் இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். கரும்பலகையில் நான் திருத்தாத கருவியே இல்லை.

பாதர் இளம் வயது, அதிகம் பேசாதவர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. சனிக்கிழமை இரவு உயிர்ப்புத் திருவிழிப்புப் பூசையில உன்னத கீதத்துக்கு ஓகன் உறுமாமல் பாடினா இருக்கட்டும். இல்லையெண்டாக் கொட்டில்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வருடத்தில் எந்த நாளும் ஓகனைத் தொட ரோசலின் விடமாட்டாள். ஒவ்வொரு நாளும் பூசை இருக்கிறது. அது சும்மா இருப்பது பெரிய வியாழன் பூசையில் பாடும் உன்னத கீதத்தில் இருந்து சனிக்கிழமை உன்னத கீதம் வரைக்கும் உள்ள இரண்டு நாள் மட்டும். அந்த இரண்டு நாளும் கோவிலில் மணி அடிக்காது, எந்த வாத்தியமும் ஒலிக்காது. மணிக்குப் பதிலாகப் பலகையைத்தான் தட்டுவார்கள். ஆகவே திருத்தலாம், ஆனால் திருத்தியது சரியா என்று ஒரு கட்டையைக்கூட அமர்த்திக் கேட்டுப் பார்க்க முடியாது.

"பாதர், ஒரே ஒரு கட்டை," என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஆண்டவர் கல்லறையில இருக்கிறார் மாஸ்டர். நீங்கள் சரிகம வாசிக்கப் போறியளோ?"

திங்கட்கிழமை வவுனியா போனேன். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, ஓமந்தை என்று பஸ் நின்ற இடங்கள் முப்பத்தெட்டு. கடைக்காரர் என் பட்டியலை வாங்கிப் பார்த்து, "என்னண்ணை, ரேடியோக் கடை போடப் போறியளோ?" என்றார். எண்பத்தாறு கண்டென்சர். ஓகனில் இருப்பது அவ்வளவுதான்: ஒலிக்கும் பகுதியில் எழுபத்தேழு, செத்துப்போன தாளப் பெட்டிக்குள் ஒன்பது.

வீட்டில் மேசையில் அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கியபோது ரோசலின் வந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த ஒன்பதும் எதுக்கு?"

"தாளப் பெட்டிக்கு."

"அது செத்தது நல்லதுக்கு. அதில கை வைக்காதேங்கோ."

"எண்பத்தாறில எழுபத்தேழை மாத்திப்போட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

"உங்களுக்கு விசரே," என்றாள். (அன்றைக்கு அது நான்காவது.)

பெரிய வெள்ளி காலை சிலுவைப்பாதை கடற்கரையோடு போகும். கோவில் காலியாக இருக்கும். ஐந்தே முக்காலுக்கு ஓகனின் பின்பலகையைக் கழற்றி உட்கார்ந்தேன். ஒரு கண்டென்சருக்கு ஐந்து நிமிடம். பழையதன் ஈயத்தை உருக்கி எடுத்து, கூட்டல் கழித்தல் பக்கம் பார்த்து, இன்னொரு தரம் பார்த்து, புதியதை ஒட்ட வேண்டும். எண்பத்தாறுக்கு ஏழு மணி நேரமும் பத்து நிமிடமும். உபவாசம் வேறு, என் வயதுக்கு விலக்கு உண்டு என்றாலும், விலக்கை எடுத்தால் கிழவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வெறும் வயிற்றோடு விரலில் ஐந்து இடத்தில் சுட்டுக்கொண்டேன். ஓகனைப் போட்டு நிறுத்தும் சுவிச்சும் கருகிப் போயிருந்தது. மாற்றுச் சுவிச் இல்லை. கம்பிகளை நேராகவே முறுக்கி இணைத்துவிட்டேன். இனிப் பிளக்கைச் சுவரில் செருகினால் ஓகன் ஓடும், கழற்றினால் நிற்கும். எவ்வளவு இலகு என்று நினைத்தேன்.

பொத்தான்களுக்கு மேலே இருந்த ரேப்பையும் உரித்தேன். பதினொரு வருட ரேப். உரிக்க உரிக்க நார் நாராக வந்தது. அதன் அழுத்தத்தில் இரண்டு பொத்தான்கள் உள்ளே போய் இறுகியிருந்தன. செத்த பெட்டியின் பொத்தான் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்டிக்கு அன்று காலையில் உயிர் கொடுத்தவன் நான்தான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு எண்பத்தாறும் முடிந்தது. மிதியை முழுதாகக் குறைத்து, சத்தம் வராது என்று உறுதி செய்துகொண்டு பிளக்கைச் செருகினேன். பிளக் இருந்த இடம், ஓகனுக்குப் பின்னால், ஊதாத் துணி போர்த்தியிருந்த அந்தோனியார் சிலைக்குக் கீழே. புகை இல்லை. மணம் இல்லை. மீற்றரை வைத்து ஆறு இடத்தில் பார்த்தேன்; ஆறும் சரி. முன்பக்கத்தில் அதுவரை எரிந்தே இராத ஒரு சிறிய சிவப்பு லைற் இப்போது விட்டுவிட்டு எரிந்தது. நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தரம். மணிக்கூட்டை வைத்து இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு தரமும் நூற்றுப் பன்னிரண்டு. அந்தச் சீரைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அது ஏன் எரிகிறது என்று மட்டும் நான் என்னைக் கேட்கவில்லை.

ஒன்று ஐந்துக்கு மின்சாரம் போய்விட்டது. எங்கேயோ கம்பியில் பனைமட்டை விழுந்திருக்கும். லைற் அணைந்தது, மின்விசிறிகள் நின்றன. அந்த நேரம் ரோசலின் உள்ளே வந்தாள்.

"இன்னும் முடியேல்லையே? சனம் வரப்போகுது. சாமான் எல்லாம் பரவிக் கிடக்கு. எடுத்து ஒதுக்குங்கோ."

அவசரமாகப் பின்பலகையைப் பூட்டினேன். கருவிப் பெட்டியை எங்கே வைப்பது? ஓகனுக்குக் கீழே, காலடியில் தள்ளினேன். பதினொரு கிலோப் பெட்டி. அது இறுக்கமாகப் போய் எதன் மேலோ ஏறி உட்கார்ந்தது. மிதியின் மேல். மிதி முழுதாக அமர்ந்தது, அதாவது சத்தம் முழுதாகக் கூடியது. மின்சாரம் இல்லாத நேரத்தில் எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றாமலே குளிக்க வீட்டுக்குப் போனேன்.

மூன்று மணி. கோவில் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். பெரிய வெள்ளி வழிபாடு எந்தப் பாட்டும் இல்லாமல் தொடங்கும். பாதர் பேசாமல் நடந்து வந்து, வெறுமையாக்கப்பட்ட பீடத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடப்பார். சனம் முழுவதும் முழந்தாளில் இருக்கும். அந்த அமைதியில் கடல் இரைவது மட்டும் கேட்கும். வருடத்திலேயே எனக்குப் பிடித்த நேரம் அது.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு மின்சாரம் வந்தது.

முதலில் லைற்றுகள் எரிந்தன. பிறகு மின்விசிறிகள் முனகிச் சுற்றத் தொடங்கின. பிறகு, உச்சச் சத்தத்தில்: டிக், டிக், சக்-சக்-சக். டிக், டிக், சக்-சக்-சக்.

இடுப்பை ஆட்டாமல் கேட்கக் கடினமான தாளம் அது. முதல் இரண்டு வினாடி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கோவில் முழுவதும் தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உருட்டியது. பாடகர் குழுவில், ஓகனுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்த ரோசலின், கையை நீட்டிச் சுவிச்சை அமர்த்தினாள். இன்னொரு தரம் அமர்த்தினாள். நான்கு தரம் அமர்த்தினாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் நான் பல பார்வைகளைக் கண்டிருக்கிறேன். இது பட்டியலில் இல்லாதது.

நான் இருந்த வாங்குப் பலகைக்கும் ஓகனுக்கும் இடையில் பதினான்கு மீற்றர். எழும்பி ஓடலாம். ஆனால் பாதர் நிலத்தில் கிடக்கும்போது ஒருவர் எழும்பி நிற்பதா? ஆகவே முழந்தாளிலேயே போனேன். இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு வேகத்தில் ஒரு தாளம் காதில் அடிக்கும்போது முழந்தாள் அதற்கு மாறாக நகராது. நான் எவ்வளவோ முயன்றேன். இரண்டு நீள எட்டு, மூன்று குறு எட்டு. இரண்டு நீளம், மூன்று குறுகல்.

பாதி வழியில் பின்னால் உராயும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மூன்று அம்மாமார் முழந்தாளில் என்னைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைத்தவர்கள் பீடம் வரை முழந்தாளில் போவது வழக்கம். மாஸ்டர் ஏதோ பெரிய நேர்த்தி செலுத்துகிறார், நாங்களும் சேர்ந்துகொள்வோம் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கும் முழந்தாள் இருக்கிறது, காது இருக்கிறது. நான்கு பேரும் ஒரே சீராகச் சா-சா-சாவில் பீடத்தை நோக்கிப் போனோம்.

"போங்கோ அம்மா, பின்னால போங்கோ," என்று கிசுகிசுத்தேன்.

முன்னால் வந்தவர் கண்ணை மூடியபடி, "எல்லாருக்குமாக வேண்டுங்கோ மாஸ்டர்," என்றார்.

நாற்பத்தாறு எட்டில் அந்தோனியாரை அடைந்தேன். ஊதாத் துணிக்குள் கையை விட்டு, அங்கே இருந்த இரண்டு பிளக்கில் ஒன்றைப் பிடுங்கினேன். மின்விசிறிகள் நின்றன. தாளம் நிற்கவில்லை, விசிறிகளின் இரைச்சல் போனதால் இன்னும் துலக்கமாகக் கேட்டது. இரண்டாவது பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது.

மொத்தம் ஐம்பது வினாடி. தொண்ணூற்றுமூன்று தாள அடி.

பாதர் முகம் நிலத்தில்தான் இருந்தது. அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. வழக்கத்தைவிட நீண்ட நேரம் அவர் எழும்பவில்லை.

வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது சம்மாட்டியார் கதவடியில் நின்றார். கோபத்தில் அவர் குரல் தணிந்திருந்தது. அது கத்துவதைவிட மோசம்.

"மாஸ்டர், என்ர அம்மா செத்த நேரம்கூட நான் இப்பிடி வெக்கப்படேல்லை. ஆண்டவர் சிலுவையில தொங்க நீங்கள் டான்ஸ் வைக்கிறியள். நாளைக்கு விடிய றக்டர் வண்டி கொண்டுவாறன். அது கொட்டிலுக்கு."

"சம்மாட்டியார், கறண்ட் வந்ததால..."

"கறண்டோ? கறண்ட் எல்லா வீட்டுக்கும்தானே வந்தது. என்ர வீட்டு வானொலி தானாப் பாடேல்லையே."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் எந்த எண்ணிக்கையும் இருக்கவில்லை. ரோசலினைப் பார்க்கவே துணியவில்லை. அவளுடைய ஓகனை நானே கொட்டிலுக்கு அனுப்பிவிட்டேன், அதுவும் அவள் வேண்டாம் என்று சொன்ன ஒன்பது கண்டென்சரால்.

பாதர் வந்தார். கண் சிவந்திருந்தது. சம்மாட்டியார் அவரிடம், "பாதர் அழுதிட்டார். எல்லாரும் பாத்தவை," என்றார்.

பாதர் அதை மறுக்கவில்லை.

அப்போது ரோசலின் பேசினாள். "பாதர், அந்த ஓகன் உறுமினதோ?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"முழுச் சத்தத்தில ஒரு நிமிசம் ஓடினது. அவ்வளவு சத்தத்தில முந்தியெண்டாக் கூரை அதிரும். நீங்கள் எல்லாரும் தாளத்தைக் கேட்டியள். நான் அதுக்குக் கீழ கேட்டனான். உறுமல் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை." பிறகு சம்மாட்டியாரைப் பார்த்தாள். "திருத்தினது சரியோ எண்டு ஒருத்தரும் கேட்டுப் பாக்கக்கூடாது எண்டு பாதர் சொன்னவர். அது தானாச் சொல்லிப்போட்டுது. இனிக் கொட்டிலுக்கு எண்டால் அது ஞாயம் இல்லை."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு பேர் முழந்தாளில் நடனமாடியபோது அந்த மனுசி உறுமலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாதர் மேற்கே கடலைப் பார்த்தார். (கடல் கிழக்கே இருக்கிறது. அவர் பார்த்தது ஒரு மதில். சிரிப்பை மறைக்க அது போதும்.) "சனிக்கிழமை உன்னத கீதம் எண்டு சொன்னனான். சனிக்கிழமை பாப்பம். ஆனா மாஸ்டருக்குப் பரிகாரம் உண்டு. இனி ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்த வயரைக் கழற்றி, பிளக்கோட மடியில வைச்சுக்கொண்டு முதல் வாங்கில இருக்கவேணும். எல்லாருக்கும் தெரிய."

சனிக்கிழமை காலை முழுவதும் நான் அந்த ஒன்பது கண்டென்சரையும் திரும்பக் கழற்றினேன். எண்பத்தாறில் எழுபத்தேழு. அன்றைக்கு அந்த எண் என்னை உறுத்தவில்லை.

திருவிழிப்பில் பாதர் உன்னத கீதத்தைத் தொடங்கினார்; இரண்டு நாள் கழித்து மணிகள் அடித்தன; ரோசலின் கையை வைத்தாள். ஓகன் பாடியது. ஊமையாக இருந்த ஏழு கட்டைகளும் இப்போது பேசும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவளுடைய விரல்கள் பதினொரு வருடப் பழக்கத்தில் அவற்றைத் தாண்டித் தாண்டியே போயின. நான் வாங்கில் இருந்து தவித்தேன். மூன்றாவது அடியில் ஒரு விரல் தவறி அந்த ஏழில் ஒன்றில் பட்டது. சத்தம் வந்ததும் அவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு வேண்டுமென்றே அதையே இன்னொரு தரம் அமர்த்தினாள். பாட்டுக்கு அது தேவை இல்லாத சுரம். யாரும் கவனிக்கவில்லை. சம்மாட்டியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சரி," என்றார்.

ஓகன் இருக்கிறது. கீபோட்டைத் திருநாள் ஊர்வலத்தில் றக்டரில் வைத்து மருமகள் வாசிக்கிறாள். வெயிலில் அது நல்லாகவே தாக்குப்பிடிக்கிறது.

நானும் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் முதல் வாங்கில் வயரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு இருக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் அன்றைக்கு மட்டும் தவறாமல் போன் எடுப்பான். "அப்பா, வயர் கவனமோ?" என்று கேட்டுவிட்டு, பின்னால் பிள்ளைகள் "டிக், டிக், சக்-சக்-சக்" என்பதைக் கேட்கவிட்டு வைத்துவிடுவான்.

அந்தப் பாதர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்த பாதர் முதல் வருடம் என்னைக் கண்டு திகைத்து, "ஏன் இவர் வயரோட இருக்கிறார்?" என்று சம்மாட்டியாரிடம் கேட்டிருக்கிறார். சம்மாட்டியார் கொஞ்சமும் யோசிக்காமல், "அது எங்கட கோவில் வழக்கம் பாதர். ஆதியில இருந்தே இருக்கு," என்றாராம். ஊரின் மானம் போகக்கூடாது என்று நினைத்திருக்கலாம். பாதரும் மரியாதையாகத் தலையை ஆட்டியிருக்கிறார்.

வழக்கம் என்று ஆனபிறகு அதை யாராலும் நிறுத்த முடியாது. சிலுவையை முத்தி செய்துவிட்டுத் திரும்பும் சனத்தில், அன்றைக்கு என் பின்னால் முழந்தாளில் வந்த மூன்று அம்மாமாரும் முதலில் வந்து என் மடியில் இருந்த வயரைத் தொட்டு விரலை முத்தினார்கள். அதைக் கண்டு அடுத்த வருடம் பதினொருவர். போன வருடம் முப்பத்தொருவர். ஒருவர் குழந்தையின் கையையும் பிடித்து வைத்தார். முப்பத்திரண்டாவதாக ஒரு கை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ரோசலின். எல்லாம் தெரிந்தவள், அந்தச் சுவிச்சை நான்கு தரம் அமர்த்தியவள், வயரைத் தொட்டு முத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "நீயுமா?" என்று கேட்டேன்.

"வரிசையில வந்தனான்," என்றாள். "சும்மா போனாச் சனம் என்ன நினைக்கும்?"